பூட்டிய ஊரின் சாவி

ஒரு துணிக்கடையை மூடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டரை இறக்குவார்கள், போர்டைக் கழற்றுவார்கள். ஆனால் போன மாதம் அங்கே வாங்கிய சட்டை உங்கள் பீரோவில் அப்படியேதான் இருக்கும். அதை யாரும் வந்து பிடுங்கிக்கொண்டு போகமாட்டார்கள்.

ஆன்லைன் கேம் அப்படியில்லை. கம்பெனி மூடிய மறுநாள், காசு கொடுத்து வாங்கிய சிடி கையில் இருந்தாலும் ஒன்றும் செய்யமுடியாது. காரணம் எளிது. விளையாடுபவரின் கணினியில் பெரும்பாலும் படமும் சத்தமும்தான். யார் எங்கே நிற்கிறார், யாரிடம் எவ்வளவு பணம், யார் அடித்த அடி யார்மேல் பட்டது... இந்தக் கணக்கெல்லாம் கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. பேரேட்டையே எடுத்துக்கொண்டு போய்விட்டால் கடையில் என்ன மிச்சம்?

இப்படி மூடப்பட்ட விளையாட்டுகளில் ஒன்று சிட்டி ஆஃப் ஹீரோஸ். அமெரிக்காவின் கிரிப்டிக் ஸ்டுடியோஸ் உருவாக்க, தென் கொரிய நிறுவனமான என்சிசாஃப்ட் 2004 ஏப்ரலில் வெளியிட்டது. முகமூடி, உடை, சக்தி என்று எல்லாவற்றையும் தானே தேர்ந்தெடுத்து ஒவ்வொருவரும் ஒரு சூப்பர் ஹீரோவை உருவாக்கிக்கொள்ளலாம். பிறகு பாரகன் சிட்டி என்ற கற்பனை நகரத்தில் நண்பர்களோடு சேர்ந்து வில்லன்களைத் துரத்தலாம். நிறைய பேருக்கு அது விளையாட்டு மட்டுமில்லை, சாயங்காலம் போய் உட்காரும் டீக்கடை பெஞ்ச் மாதிரி.

2012 ஆகஸ்ட் 31 அன்று மூடுவிழா அறிவிப்பு வந்தது. கம்பெனியின் கவனம் வேறு பக்கம் திரும்புகிறது, அவ்வளவுதான் காரணம். 20,000 பேருக்கு மேல் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். விளையாட்டுக்குள் இருக்கும் அட்லஸ் பார்க்கில், ஹீரோக்கள் எல்லாம் தீப்பந்தம் ஏந்திக் கூட்டமாக நின்றார்கள். பலன் இல்லை. நவம்பர் 30 அன்று சர்வர்களை நிறுத்திவிட்டார்கள்.

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. 2015-ல் பாரகன் சாட் என்று ஒன்றைச் செய்தார்கள். பழைய நகரத்துக்குள் பழைய உடையோடு நடக்கலாம், பேசலாம். சண்டை கிடையாது, வில்லன் கிடையாது. அதற்கும் ஆட்கள் வந்தார்கள். விளையாட்டே இல்லாத விளையாட்டுக்கு! அவர்கள் எதை இழந்திருந்தார்கள் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

இதைவிடக் கஷ்டமான வழியில் போனவர்களும் உண்டு. ஸ்டார் வார்ஸ் கேலக்சிஸ் 2003-ல் வெளிவந்தது. 2005-ல் அதன் விதிகளைத் தலைகீழாக மாற்றினார்கள். பழைய வடிவம்தான் வேண்டும் என்ற ரசிகர்கள், அதற்கான சர்வர் மென்பொருளைத் தாங்களே எழுத உட்கார்ந்தார்கள். கணினிக்கும் சர்வருக்கும் இடையே போய்வரும் தகவலைக் கவனித்து, உள்ளே என்ன நடக்கும் என்று ஊகித்து எழுதவேண்டும். விடைத்தாளை மட்டும் பார்த்துப் பாடப்புத்தகத்தை எழுதுகிற வேலை! 2011 டிசம்பர் 15-ல் அசல் விளையாட்டு மூடப்பட்டது. ரசிகர்களின் வேலை அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

சிட்டி ஆஃப் ஹீரோஸ் கதையில் ஒரு திருப்பம் பாக்கி இருந்தது. 2019 ஏப்ரலில் ஒரு ரகசியம் வெளியே வந்தது. விளையாட்டின் மூல நிரல் எப்படியோ சிலர் கைக்குப் போயிருந்தது. அதை வைத்துப் பல வருடங்களாக ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் அனுமதி. வெளியே இருந்தவர்கள் பாரகன் சாட்டில் காலித் தெருவைச் சுற்றிக்கொண்டிருந்த அதே காலத்தில், உள்ளே சிலர் முழு விளையாட்டையும் ஆடிக்கொண்டிருந்தார்கள். கோபம் வராதா? வந்தது, பயங்கரமாகவே வந்தது. கூட நின்று தீப்பந்தம் பிடித்தவனே மறைத்துவிட்டான் என்றால் யாருக்குத்தான் வலிக்காது?

மறைத்தவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. வெளியே சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும், இருப்பதும் போய்விடும். அந்தப் பயமும் பொய்யில்லை.

பிறகு நிரல் பொதுவில் வந்தது, பல சர்வர்கள் முளைத்தன. அதில் ஹோம்கமிங் என்ற குழுவுக்கு 2024 ஜனவரியில் என்சிசாஃப்டே உரிமம் கொடுத்தது. விளையாடக் கட்டணம் இல்லை, செலவுக்கு ரசிகர்களின் நன்கொடை.

சட்டப்படி பார்த்தால் நிரல் கம்பெனியின் சொத்து, அனுமதியில்லாமல் எடுத்தது தப்புதான். அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் நற்பெயர் என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, தொடமுடியாது, ஆனால் மதிப்பு உண்டு. 2012-ல் கம்பெனி கைவிட்ட அந்தச் சொத்தைப் பதினொரு வருடம் காப்பாற்றி வைத்திருந்தது வாடிக்கையாளர்கள்தான்.

வியாபாரத்தை மூடுவது பாவமில்லை. ஆனால் 2024-ல் கொடுத்த உரிமத்தை 2012-லேயே கொடுத்திருந்தால்? திருட்டுத்தனம் இருந்திருக்காது, நண்பர்களுக்குள் பகையும் வந்திருக்காது. ஊரைக் காலி செய்கிறவர்கள், அங்கேயே இருக்க விரும்புகிறவர்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்?