இரண்டு அங்குல உயரம்

எங்கள் வீட்டு ஜீப்பின் அடிவயிற்றுக்கும் பாதையில் கிடந்த ஒரு பாறைக்கும் இடையே இரண்டு அங்குல இடைவெளி இல்லாமற் போனதால், ஓர் இரவில் இரண்டு உயிர்கள் ஊசலாடின. அந்த இரண்டு அங்குலத்தைத் தேடி நானும் என் மகனும் மூன்று மாத காலம் வாதிட்டோம். அந்த வாதத்தையும் அது முடிந்த விதத்தையும் இங்கே எழுதத் துணிகிறேன். ஜீப்பைப் பற்றிய கதைக்குக் குடும்ப இதழில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். படித்து முடித்த பின் அவர்களே தீர்ப்புக் கூறட்டும்.

திண்டுக்கல்லிலிருந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் சிறுமலை. மலைவாழையும் மிளகும் காப்பியும் எலுமிச்சையும் விளையும் பூமி. தார்ச்சாலை செல்லாத தோட்டங்களிலிருந்து இன்றும் குதிரைகளின் முதுகில்தான் வாழைத்தார்கள் இறங்கி வருகின்றன. எங்கள் தோட்டமும் தார்ச்சாலையிலிருந்து ஒரு கல் தொலைவு உள்ளே தள்ளி இருக்கிறது. அந்த ஒரு கல் தூரம் மண்ணும் கல்லும் வேருமாய்க் கிடக்கும் வண்டிப்பாதை. 1998 ஆம் ஆண்டு, பழைய ஜீப் ஒன்றைத் தவணையில் வாங்கினேன். நான்கு சக்கரங்களுக்கும் விசை பாயும் வண்டி அது. வாங்கிய நாள் முதல் அது எங்களுக்கு மட்டும் உரியதாய் இருந்ததில்லை. சந்தைக்குத் தார்களும், பள்ளிக்குப் பிள்ளைகளும், மருத்துவமனைக்கு நோயாளிகளும் அதில்தான் இறங்கினார்கள்.

2022 ஆம் ஆண்டு நவம்பர் மாதம். அடைமழை. நள்ளிரவில் அண்டைத் தோட்டத்துப் பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டதென்று அவளுடைய மாமியார் வந்து கதவைத் தட்டினார். பின்பக்கத்தில் மெத்தை விரித்துப் பெண்ணைப் படுக்க வைத்தோம். கூட ஐந்து பேர் ஏறிக்கொண்டனர். பாதையின் நடுவழியில், ஆமையின் முதுகைப்போல் மேடிட்ட பாறை ஒன்று உண்டு. முன்சக்கரங்கள் அதைத் தாண்டின. பின்சக்கரங்கள் ஏறுமுன்னே அடிவயிறு பாறைமேல் ‘தட்’டென்று அமர்ந்தது. சக்கரங்கள் சேற்றில் சுழன்றனவே அன்றி வண்டி அசையவில்லை. ஆட்கள் இறங்கித் தள்ளியும் பயனில்லை. இறுதியில் ஒரு போர்வையைக் கம்பில் கட்டித் தூளியாக்கி, அப்பெண்ணைத் தார்ச்சாலை வரை தோளில் சுமந்தார்கள். அங்கே ஆம்புலன்ஸ் காத்திருந்தது. விடியுமுன் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

மறுநாள் அந்த மாமியார் எங்கள் வாசலுக்கு வந்து கற்கண்டு கொடுத்தார். குறையாக ஒரு சொல்லும் கூறவில்லை. திரும்பிப் போகும்போது ஜீப்பை ஒருமுறை பார்த்துவிட்டுச் சென்றார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

செய்தி அறிந்து கோயமுத்தூரில் பட்டறை வேலையிலிருக்கும் என் மகன் ஓடிவந்தான். வரும்போதே ஒரு கட்டுக் காகிதங்களும் கொண்டுவந்தான். “அப்பா, வண்டியை நான்கு அங்குலம் தூக்கிவிடலாம். இதற்கென்றே லிஃப்ட் கிட் விற்கிறார்கள். அதிக வளைவுள்ள கமான் பட்டைகள், நீண்ட ஷாக் அப்சார்பர்கள், நீண்ட ஷேக்கிள்கள் எல்லாம் ஒரே பெட்டியில் வரும். கூடவே 31 அங்குல டயர் போட்டுவிட்டால் அந்தப் பாறை நமக்கு ஒரு கூழாங்கல்” என்றான்.

அவன் கண்களில் ஒளி இருந்தது. என் மனத்திலோ மிளகு விற்ற பணத்தின் கணக்கு ஓடிற்று. “பணம் மரத்திலா காய்க்கிறது?” என்று கேட்டுவிட்டேன். அவன் முகம் வாடியது. மிளகு கொடியில் காய்ப்பது என்று சொல்லிச் சிரித்து, என் மனைவிதான் அன்றைய பொழுதைக் காப்பாற்றினாள்.

ஆயினும் அவன் விடவில்லை. நானும் அவனோடு அமர்ந்து கற்கத் தொடங்கினேன். திண்டுக்கல்லில் எங்கள் வண்டியைப் பல்லாண்டுகளாகக் கவனிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கமான் பட்டை கட்டுவதில் தேர்ந்த கை. அவரிடம் இருவரும் சென்றோம். அவர் எங்களைப் பலகையில் அமர்த்தித் தேநீர் வரவழைத்து, ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, வண்டியில் எதைத் தூக்கப் போகிறீர்கள்?”

“வண்டியைத்தான்” என்றான் மகன்.

“வண்டி என்பது ஒரு பொருளல்ல, தம்பி. இரண்டு பொருள்” என்று அவர் விளக்கினார். பட்டைகளுக்கு மேலே இருப்பது சட்டமும் உடலும். பட்டைகளுக்குக் கீழே இருப்பது அச்சும் சக்கரமும். பட்டையை உயர்த்தினால் மேலே இருப்பவைதாம் உயரும். அச்சின் நடுவே பானைபோல் தொங்கும் டிஃபரன்ஷியல் ஓர் இழையளவும் உயராது. அதை உயர்த்தவல்லது டயர் ஒன்றே. அதுவும் பாதிக் கணக்கில்தான். எங்கள் டயரின் குறுக்களவு ஏறத்தாழ 28 அங்குலம். 31 அங்குல டயர் மாட்டினால் அச்சு உயர்வது ஒன்றரை அங்குலமே. அதற்கு விலையும் உண்டு. சக்கரம் பெரிதானால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி பத்தில் ஒரு பங்கு கூடுதலாக ஓடும். ஆகவே ஏற்றத்தில் இழுவை குறையும்; பிரேக் பிடிக்கக் கூடுதல் விசை வேண்டும்; வேகம்காட்டி நாற்பது என்று காட்டும்போது வண்டி நாற்பத்து நான்கில் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்து, உயர்த்தும் வழிகளை ஒவ்வொன்றாய் எடுத்தார். ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் நடுவில் உள்ள அச்சின்மேல் சட்டம் உயர்வது ஓர் அங்குலமே. ஜீப்பின் முன்பட்டையில் அப்படி நீட்டினால் அச்சு சிறிது முன்னோக்கிச் சாயும். ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பும் இயல்பு குன்றி, வண்டி சாலையில் அலையும். ஆப்பு வைத்துத்தான் அதைச் சரிக்கட்ட வேண்டும். கூடுதல் பட்டை சேர்த்தால் உயரம் கிட்டும். ஆனால் சுமையில்லாதபோது வண்டி கட்டைபோல் விறைத்துக் குதிக்கும். பிரசவப் பெண்ணை ஏற்றும் வண்டிக்கு அது ஆகுமா? சட்டத்துக்கும் உடலுக்கும் நடுவே கட்டைகள் வைத்து உடலை மட்டும் தூக்கலாம். அதனால் பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். ஆனால் பாறையில் இடித்த சட்டமோ இருந்த இடத்திலேயே இருக்கும். நான்கு அங்குலம் ஒரேயடியாகத் தூக்கினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் செங்குத்தாகி அதன் இணைப்புகள் நடுங்கித் தேயும். பிரேக் ஹோஸ் எட்டாது; அச்சு கீழே தொங்கும் நேரத்தில் இழுபட்டு அறுந்தாலும் அறும்.

என் மகன் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. ஆனால் அவன் நேர்மையானவன். அன்றிரவே தாளும் பென்சிலும் எடுத்து ஒரு கணக்குப் போட்டான். சக்கரங்களின் இடைவெளியில் பாதி 65 சென்டிமீட்டர், வண்டியின் எடைமையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் என்று கொண்டால், பக்கவாட்டில் 43 பாகை சாயும் வரை வண்டி கவிழாது. எடைமையம் 80 சென்டிமீட்டருக்கு ஏறினால் அது 39 பாகையாகக் குறைகிறது. “காகிதத்தில் நான்கு பாகைதான், அப்பா. ஆனால் மண் சரியும்போதும், உள்ளிருப்பவர்கள் ஒரு பக்கம் ஒதுங்கும்போதும் மீதியிலும் பாதி போய்விடும்” என்று அவனே கூறினான். எங்கள் பாதையின் ஒரு பக்கம் முந்நூறடிப் பள்ளம். இருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

சட்டத்தையும் பார்த்தோம். 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டிய எங்களுக்கு இது சிறு செய்தியன்று.

இவ்வளவையும் கேட்டிருந்த என் மனைவி, அடுப்படியிலிருந்தே தன் பங்கைச் சொன்னாள். “எனக்கு முழங்கால் வலி. இப்போதே பிடித்துத் தூக்கித்தான் ஏற்றுகிறீர்கள். இன்னும் ஐந்தரை அங்குலம் ஏறினால் ஏணி வாங்க வேண்டும். என்னால் ஏற முடியாத வண்டியை எனக்காகச் செய்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.” அவ்வண்டியில் ஏறுகிறவர்கள் யார் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். நோயாளிகள், கிழவர்கள், கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள். ஏற வேண்டியவர்களை மறந்துவிட்டு ஏற்றத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

அப்படியானால் பாறைக்கு என்ன வழி? மீண்டும் பெரியவரிடம் போனோம். அவர் இம்முறை பேசவில்லை. ஜீப்பைச் சமதளமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, நான்கு மூலைகளிலும் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடைப்பட்ட உயரத்தை நாடாவால் அளந்தார். பிறகு எங்களை வேறொரு வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கே அதே வகை ஜீப் ஒன்று, அதிகம் ஓடாமல், கொட்டகையில் நின்றிருந்தது. அதையும் அளந்தார். எங்கள் வண்டி பின்புறம் இடப்பக்கத்தில் இரண்டேகால் அங்குலமும், வலப்பக்கத்தில் இரண்டு அங்குலமும், முன்புறம் ஒன்றேகால் அங்குலமும் தாழ்ந்திருந்தது. அச்சு சட்டத்தில் மோதாமல் தடுக்கும் ரப்பர்கள் உதிர்ந்து போயிருந்தன. ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய் இல்லை. இடப்பக்கப் பட்டைத் தொகுதியில் ஒரு பட்டை முறிந்தே கிடந்தது.

“இது உயரம் குறைந்த வண்டியல்ல. உயரத்தை இழந்த வண்டி” என்றார் பெரியவர்.

எனக்குத் தலை குனிந்தது. காரணம் எனக்குத் தெரியும். இருபத்து நான்கு ஆண்டுகளாக, ஒரு நடையை மிச்சப்படுத்துவதற்காக, தாங்கக் கூடியதற்கு மேல் வாழைத்தார்களை அடுக்கியவன் நான். முந்தைய ஆண்டே மகன், “பட்டையைப் பாருங்கள், அப்பா” என்று சொன்னான். அடுத்த அறுவடை கழியட்டும் என்று தள்ளிப்போட்டவனும் நான்தான். அந்த இரவில் பாறைமேல் வண்டியை அமர்த்தியது மழையன்று. என் சோம்பலும் பேராசையும். இதை மகனிடம் சொல்லாமல் ஒரு வாரம் இருந்தேன். பிறகு ஒரு மாலையில், காப்பிக் களத்தில் இருவரும் நின்றபோது சொன்னேன். அவன், “நானும் வண்டியை நினைத்துப் பாதி, கூட்டாளிகளிடம் காட்டுவதை நினைத்துப் பாதி என்றுதான் அந்தப் பெட்டியைக் கேட்டேன், அப்பா” என்றான். அன்று எங்கள் வாதம் தீர்ந்தது.

இறுதியில் நாங்கள் தேர்ந்தெடுத்தது இதுதான். தயாரிப்பாளர் குறித்த அளவிலேயே நான்கு புதிய பட்டைத் தொகுதிகள். அவற்றுக்குரிய புஷ்களும் யு-போல்ட்டுகளும். நான்கு புதிய ஷாக் அப்சார்பர்கள். மோதல் தடுக்கும் ரப்பர்கள். பழைய அளவிலேயே, சேற்றைக் கவ்வும் ஆழ்ந்த பற்களுள்ள டயர்கள். பெட்டியில் வரும் தொகுதியின் விலையில் பாதியளவே ஆயிற்று. முந்நூறு கல் ஓடிய பின் யு-போல்ட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும் என்று பெரியவர் கட்டளையிட்டார். மறவாமல் செய்தோம். வண்டி பின்புறம் இரண்டு அங்குலம் எழுந்தது. அது சட்டத்துக்கு மாறாக எடுத்துக்கொண்ட உயரமன்று. பிறப்பிலேயே அதற்குரிய உயரம்.

மீதி வேலையைப் பாறையிடம் செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் எட்டுப் பேர் கடப்பாரையும் சம்மட்டியும் கொண்டு வந்தனர். அந்த ஆமையின் முதுகில் மூன்று அங்குலம் உடைத்தெடுத்து, அந்தச் சில்லுகளையே இருபுறப் பள்ளங்களில் நிரப்பினோம். இருபத்து நான்கு ஆண்டுகள் எவருக்கும் தோன்றாத வேலை அது. மூன்று மணி நேரத்தில் முடிந்தது. அந்த மாமியார் எல்லாருக்கும் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்தார்.

வேற்று நாடுகளில் பாறைகளின்மேல் ஏறி இறங்குவதையே விளையாட்டாகக் கொண்டவர்கள் வண்டிகளை உயர்த்திக்கொள்ளட்டும். அவர்களுக்கு அது பொருந்தும். ஆனால் இல்லறத்துக்காக வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் கற்றதைச் சொல்லலாம். புதிதாக எதையும் பூட்டுமுன், இருப்பது தன் நிலையில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். நாடா ஒன்று போதும். கூடவே, அதில் ஏறப்போகிறவர்களில் கால் வலிமை மிகக் குறைந்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சென்ற மாதம் அந்தப் பெண் குழந்தைக்குக் காய்ச்சல். இப்போது அவள் ஓடித் திரியும் பருவத்தினள். இரவில்தான் புறப்பட்டோம், மழையும் இருந்தது. அந்த இடம் நெருங்கியதும் ஜீப்பில் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். முன்சக்கரம் ஏறி இறங்கிற்று. பின்சக்கரம் ஏறி இறங்கிற்று. அடியில் ஓர் ஓசையும் இல்லை. தாயின் மடியில் குழந்தை விழிக்கவே இல்லை.