மணலும் மலையும்

பெருந்தெரு நம்மை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒற்றையடிப் பாதையோ நாட்டைக் காட்டும். இவ்வுண்மையை நாம் ஏடுகளாற் கற்றோமல்லோம், கால்களாற் கற்றோம்.

நாம் நால்வர். இருவர் ஆசிரியர், ஒருவர் மருந்தாளர், மற்றவர் கமக்காரர். எமது மாணவப் பருவம் போர்க்காலத்திற் கழிந்தது. பிள்ளைகள் படலையைத் தாண்டினாலே தாய்மார் நெஞ்சிற் கைவைத்து நின்ற காலம் அது. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தது. இளமையில் நடவாத வழிகளை அதன் பின்னரே, விடுமுறைதோறும், நடக்கத் தொடங்கினோம்.

வடமராட்சியில் வல்லிபுர ஆழ்வார் கோயிலைக் கடந்து சென்றால் மணற்காடு வரும். பாலைநிலம் காண வேற்றுநாடு செல்ல வேண்டுவதில்லை. வெண்மணல் குன்று குன்றாய்க் குவிந்து கிடக்கும். பழைய அந்தோனியார் ஆலயமொன்று மணலுட் புதையுண்டு நிற்கின்றது. 1936ஆம் ஆண்டில் வல்லிபுரத்திற் கிடைத்த, வசப மன்னன் காலத்துப் பொன்னேடு, ஏறக்குறைய 1900 ஆண்டுகட்கு முன்னரே அங்கு மக்கள் சிறப்புற வாழ்ந்தமையைக் கூறும்.

காற்று வாரிவரும் மணலை இராவணன் மீசையும் அடம்பன் கொடியும் தடுத்து நிறுத்துகின்றன. அவற்றின்மேல் மேலும் மணல் படிய, குன்று வளர்கின்றது. மழைநீர் அம்மணலூடே இறங்கித் தங்குகின்றது. நன்னீர் உவர்நீரினும் இலேசானது; ஆதலின் அடியிலுள்ள கடல்நீரின்மேல் மிதந்து நிற்கும். கடலுக்கு அணித்தாயுள்ள கிணறுகளில் நாம் குடிப்பது அந்நீரையே.

எமது கமக்கார நண்பர் அப்பகுதியிற் பிறந்தவர். சிறுவயதிற் சறுக்கி விளையாடிய குன்றொன்றைக் காட்டுவதாகக் கூறி எம்மை அழைத்துச் சென்றார். நெடுநேரம் தேடினோம். குன்று நின்ற இடத்திற் பள்ளமும், லொறிச் சில்லுகள் பதிந்த தடமுமே கிடந்தன. நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பின்னர், “குன்று போனாற் போகட்டும், தங்கச்சி வீட்டுக் கிணறும் உவர்க்கத் தொடங்கிவிட்டது” என்றார். மணலை வாரியவர் வீடு கட்டவே வாரினர். ஆயினும் குடிநீரற்ற ஊரில் எவர் குடியிருப்பார்?

மாசி மாதமொன்றிற் சிவனொளிபாத மலைக்குச் சென்றோம். அதன் உயரம் 2243 மீற்றர். பலரும் நல்லதண்ணி வழியாக ஏறுவர். நாம் நெடியதும் கடியதுமான குருவிட்ட, எரத்ன வழியைத் தேர்ந்தோம். குரு கங்கையின் ஓசை இருளில் வழித்துணையாய் வந்தது. அட்டைகள் காலைப் பற்றின. நடுவழியிற் கமக்காரர் சோர்ந்து அமர்ந்துவிட்டார். இறங்கிவந்த சிங்கள மூதாட்டியொருவர் மடியிலிருந்த கித்துள் கருப்பட்டியை உடைத்து அவர் கையில் வைத்தார். அவர் மொழி இவருக்குத் தெரியாது. இவர் மொழி அவருக்குத் தெரியாது. அன்பு விளங்குவதற்கு அகராதி வேண்டியதில்லை.

விடியற்பொழுதில் மலையின் நிழல் மேற்றிசையில் முக்கோணமாய் விழக் கண்டோம். சிவனடியென்றும் புத்தரடியென்றும் ஆதாமின் அடியென்றும் வணங்குவோர் யாவரும் அக்குளிரில் ஒருங்கே நடுங்கி நின்றனர். கமக்காரரோ கீழே முகில் படிந்த காட்டையே நோக்கி நின்றார். “எங்கள் மணல் செய்யும் வேலையை இங்கே இந்தக் காடு செய்கிறது” என்றார்.

எண்ணிப் பார்க்கையில் அவர் சொன்னது முற்றும் உண்மை. மலைக்காடு மழையைத் தாங்கி ஆறுகளுக்கு அளிக்கின்றது. மணற்குன்று மழையைத் தாங்கிக் கிணறுகளுக்கு அளிக்கின்றது. ஒன்றை யாத்திரிகர் வீசியெறியும் பொலித்தீன் கெடுக்கின்றது. மற்றதை லொறிகள் கொண்டுபோகின்றன.

மாணவர்காள்! விடுமுறையில் உங்கள் ஊரின் ஒழுங்கைகளிலும் வரம்புகளிலும் நண்பரோடு நடவுங்கள். ஊரின் முதியவர் ஒருவரையும் உடனழைத்துச் செல்லுங்கள். முன்பு என்ன இருந்ததென்பது அவருக்கே தெரியும். இழந்ததை அறிந்தவனே எஞ்சியதைக் காப்பான். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பர் நம் முன்னோர். தனிக்கொடி காற்றோடு போகும். திரண்ட கொடியே குன்றைக் காக்கும்.