குறைந்த ஒளியில் வளர்பவை

ஒளி மிகுந்தால் வளர்ச்சியும் மிகும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். நன்னீர் மீன் தொட்டிக்குச் செடி தேர்ந்தெடுத்துப் பழகியவர்கள் அதை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நமது பங்கு இல்லத்தின் முன்னறை வடக்கு நோக்கியது. ஒரு பக்கம் கோவிற்சுவர், மறுபக்கம் மாமரம். பகலிலும் அங்கே மங்கிய வெளிச்சமே. திருமண ஓலைக்கும் திருமுழுக்குச் சான்றுக்கும் காத்திருப்போர் அமரும் அவ்வறையில் மீன் தொட்டி ஒன்று வைத்தோம். வண்ணமீன் கடையில் முதலில் கண்ணைக் கவர்ந்தவை செந்நிறச் செடிகள். அவற்றுக்கு வலிய விளக்கு வேண்டும். பெரும்பாலும் கரியமில வாயுவும் தனியே செலுத்த வேண்டும். குறைந்த ஒளியில் அவற்றின் சிவப்பு மங்கும், தண்டு மெலிந்து நீளும், கீழிலைகள் உதிரும். விளக்கின் வலிமையைக் கூட்டிவிடலாமே எனலாம். ஆனால், செடிகள் பயன்படுத்தாத ஒளியைப் பாசி எடுத்துக்கொள்ளும். சில வாரங்களில் கண்ணாடியிலும் இலைகளிலும் அதுவே படர்ந்துவிடும். ஆகவே, அறைக்கேற்ற செடிகளைத் தேடினோம்.

மூன்று வகைகள் கிடைத்தன. முதலாவது அனுபியாஸ். ஆப்பிரிக்காவின் மேற்கு, நடுப் பகுதிகளில் நிழல் சூழ்ந்த ஓடைக்கரைகளில் வளர்வது. 1857-இல் ஷாட் என்னும் ஆஸ்திரியத் தாவரவியலார், எகிப்தியரின் இறந்தோர் தெய்வமான அனுபிஸின் பெயரை இதற்கு இட்டார். தடித்த கரும்பச்சை இலை. புதிய இலை ஒன்று விரிய வாரக்கணக்கில் ஆகும். இரண்டாவது, தென்கிழக்கு ஆசியாவின் ஜாவாப் பெரணி. முதிர்ந்த இலையிலேயே வேரோடு கூடிய குட்டிச் செடிகளை ஈனுவது. இவ்விரண்டுக்கும் நிபந்தனை ஒன்று உண்டு: படுக்கையாக ஓடும் தண்டை மணலில் புதைக்கலாகாது, புதைத்தால் அழுகும். கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிவிட்டால், வேர் தானே பற்றிக்கொள்ளும்.

மூன்றாவது, இலங்கையின் ஓடைகளுக்கே உரிய கிரிப்டோகொரைன் வென்ட்டி. இதனை இடம் மாற்றி நட்டால், சில நாள்களிலேயே இலைகள் கூழாகிக் கரைந்துபோவதுண்டு. செடி செத்தது என்று பலர் பிடுங்கி எறிந்துவிடுகின்றனர். மணலுக்கடியில் வேர் உயிரோடிருக்கும். தொடாமல் விட்டால், சில வாரங்களில் அந்தப் புதிய நீருக்கு ஏற்ற புதிய இலைகளை அது விடும்.

எதுவும் அதனை ஏற்பவரின் இயல்புக்கேற்பவே ஏற்கப்படுகிறது என்னும் கருத்து புனித தோமா அக்குவினாரின் மெய்யியலில் அடிக்கடி வரும். குருமடத்தில் இலத்தீனில் மனனம் செய்த அக்கருத்தை இத்தொட்டியின் முன் நின்று மீண்டும் எண்ணிப் பார்க்கிறோம். இறையருளை ஒளி என்கிறோம். அதை எல்லாரும் ஒரே அளவில், ஒரே வேகத்தில் ஏற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையாகுமா?

நமது பங்கில் ஒரு தாய் இருக்கிறார். ஒரே மகனை அடக்கம் செய்து இரண்டாண்டுகள் ஆகின்றன. நாள்தோறும் காலைத் திருப்பலிக்கு வருகிறார். கடைசித் தூணருகே அமர்கிறார். பாடுவதில்லை, எவரோடும் பேசுவதில்லை, இறுதிப் பாடலுக்கு முன்பே எழுந்து போய்விடுகிறார். நல்ல உள்ளம் படைத்தோர் பலர் நம்மிடம் வந்து, அவரைத் தியானத்திற்கு அனுப்புங்கள், பாடகர் குழுவில் சேருங்கள், மரியாயின் சேனையில் பொறுப்புக் கொடுங்கள் என்கின்றனர். அன்பினால் சொல்வதே. எனினும், அது விளக்கின் வலிமையைக் கூட்டச் சொல்வதுபோல் இருக்கிறது. ஓர் இறுதிப் பாடலின் மகிழ்ச்சியே அவருக்குத் தாங்க முடியாத வெளிச்சமாக இருக்கலாம்.

அப்படியானால், அவரை அவர் போக்கில் விட்டுவிடுவதா? இக்கேள்வி நம்மை உறங்கவிடாத இரவுகள் உண்டு. காத்திருப்பதும் கைவிடுவதும் வெளியிலிருந்து பார்ப்போருக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆனால், கரைந்த செடியைத் தொடாதிருப்பவரும் வாரந்தோறும் தொட்டியில் கால்பங்கு நீரை மாற்றத் தவறுவதில்லை. அவ்வாறே நாமும் மாதம் ஒருமுறை அத்தாயின் இல்லம் சென்று அமர்கிறோம். அவர் தரும் தேநீரைப் பருகுகிறோம். மகனைப் பற்றி அவர் பேசினால் கேட்கிறோம். பேசாவிடில் செபித்துவிட்டு எழுந்து வருகிறோம். புதிய இலை எதையும் இன்னும் காணவில்லை. ஆயினும், அவர் நாள்தோறும் கோவிலுக்கு வருகிறார். வேர் இருக்கிறது என்பதற்கு அதற்கு மேலும் சான்று கேட்க நமக்கு உரிமையில்லை.

அன்பர்களே, உங்கள் பங்கிலும் கடைசித் தூணருகே ஒருவர் இருப்பார். அவரை முன்வரிசைக்கு அழைக்குமுன், நீங்கள் சென்று அவர் அருகே சற்று அமர்ந்து பாருங்கள்.