கிளிப்புக்குக் கீழே இருக்கும் மரம்

திருமுல்லைவாயலில் சி.டி.எச். சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெரு ஒன்றில் இருக்கிறது அந்த சோபா பட்டறை. நான் போனபோது துணி, ஃபோம், சாக்கு எல்லாம் உரித்த மூன்று சீட் சோபா ஒன்று வெறும் சட்டமாகக் கிடந்தது. மேஸ்திரி அதன் ஜிக்ஜாக் ஸ்பிரிங் ஒன்றை இழுத்து விட்டார். மேலே துரு ஏறியிருந்தாலும் விறைப்பு குறையவில்லை.

"ஸ்பிரிங்கு எங்க சார் போவுது? மரம்தான் கை வுட்டுடும்" என்றார்.

அவர் விரல் வைத்த இடத்தில் முன்சட்டத்தின் ஆணி ஓட்டை வாய் பிளந்திருந்தது. அங்கிருந்து மரத்தின் ரேகையோடு ஒரு விரிசல், சட்டத்தில் ஆணியடித்து ஸ்பிரிங்கைப் பிடிக்கும் அடுத்த கிளிப் வரை ஓடியிருந்தது.

இந்த ஸ்பிரிங் வில்லாகச் சுருண்டே வரும். அதை விரித்து, பின்சட்டத்திலிருந்து முன்சட்டத்துக்கு இழுத்து மாட்டுகிறார்கள். கம்பியின் கனம் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவுக்கு எதிர்விசை கூடும் என்று ராபர்ட் ஹூக் 1678-இல் எழுதிய விதி இங்கே ஆணியின் தலையில் வந்து விழுகிறது. யாரும் உட்காராத நடுராத்திரியிலும் அந்த இழுப்பு ஓயாது. ஆள் உட்கார்ந்தால் இன்னும் கூடும்.

அதனால் ஆணி அடிப்பதில் அவருக்கு அவசரமே கிடையாது. முதலில் ஆணியைவிட மெல்லிய பிட்டால் துளை போடுகிறார். பிறகு ஆணியைத் தலைகீழாக இரும்பில் நிறுத்தி, முனையில் லேசாக ஒரு தட்டு. கூர்முனை ஆப்பு போல நாரைப் பிளந்து விலக்கும். மழுங்கிய முனை நாரை நசுக்கிக்கொண்டு இறங்குவதால் மரம் பிளப்பது குறைவு. ஆணியின் தலை வெளிப்பக்கம் சாய்ந்திருக்க, முனை சீட் பக்கம் பார்த்து இறங்குகிறது. இப்படி அடித்தால் ஸ்பிரிங் இழுக்க இழுக்க கிளிப் மரத்தோடு அழுந்தும். பக்கத்துப் பக்கத்து ஆணிகள் ஒரே ரேகையில் விழாதபடி ஒன்றை முன்னே, ஒன்றைப் பின்னே தள்ளிப் போடுகிறார். உதவிக்கு இருந்த பீகார் பையன் நேர்கோட்டில் ஒன்றை அடிக்கப் போக, பேசாமல் அவன் கையைப் பிடித்து நகர்த்தி வைத்தார்.

ஸ்க்ரூ போட்டால் என்ன என்று கேட்டேன். போடலாம், ஆனால் ஜிப்சம் போர்டுக்கான கறுப்பு ஸ்க்ரூ கூடவே கூடாது என்றார். அது கடினமானது, வளையாது. திரும்பத் திரும்ப அதிர்ந்தால் தலை தெறித்துவிடும். பிளைவுட்டின் விளிம்பில் அடிப்பதையும் அவர் ஒப்புக்கொள்வதில்லை. அங்கே அடுக்குகள் பிரிந்துவிடும்.

பழைய தேக்கு சோபா வந்தால் அவர் முகமே மாறிவிடுகிறது. இப்போது மலிவு சோபாக்களில் பாதிக்கு மேல் பேக்கிங் பெட்டி மரம் என்கிறார். 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே இயந்திரங்கள் வந்திறங்கும் பைன் பெட்டிகளைப் பிரித்து விற்கிறார்கள். பைன் மோசமான மரம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மரத்தின் அடர்த்தி குறைந்தால் ஆணிப் பிடிப்பு அதைவிட வேகமாகக் குறையும். தேக்குக்குப் போதுமான அதே ஆணியை இதிலும் அடித்துத் துணியால் மூடி விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதுதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை அம்பத்தூர், கொரட்டூர் வீடுகளுக்குள் புகுந்தது. நனைந்த மரம் உப்பி, காய்ந்தபோது சுருங்கியது, ஆணிகள் தளர்ந்தன. அதன்பின் சோபாக்கள் வரிசையாக வந்தன என்றார்.

பிய்ந்த ஓட்டையில் தீக்குச்சியைத் திணித்து மறுபடி ஆணி அடிப்பவர்கள் உண்டு. இவர் செய்வதில்லை. சட்டத்தின் உட்புறம் வேப்பமர ரீப்பர் ஒன்றைப் பசை தடவி ஒட்டி, ஸ்க்ரூ முறுக்கி, ஒரு நாள் காயவிட்டு, அந்தப் புது மரத்தில்தான் கிளிப் வைக்கிறார். கம்பியும் கிளிப்பும் உரசிக் கிறீச்சிடாமல் இருக்க, இடையில் சைக்கிள் டியூப் துண்டு.

வாடிக்கையாளர்கள் புரட்டுவது துணி மாதிரிப் புத்தகத்தைத்தான். சட்டத்தைக் காட்டச் சொல்லி ஒருவரும் கேட்பதில்லை. மேலே போர்த்தும் துணியின் விலையில் சிறு பங்குதான் ரீப்பருக்கும் ஸ்க்ரூவுக்கும் ஆகும். அதைத் தனியாக எழுதிக் கேட்டால் பேரம் பேசுவார்கள் என்று அவர் பில்லில் சேர்ப்பதே இல்லை.