'இன்ஜினை மாத்திடலாம் சார்!' - ஒரு பழைய அம்பாசிடரும் மூன்று வழிகளும்

குலதெய்வம் கோயிலுக்குப் போய்விட்டுத் திருச்சி திரும்பும் வழி. கீரனூர் தாண்டியதும் அம்பாசிடர் நின்றுபோனது. முதலில் பின்பக்கம் நீலப் புகை, பிறகு இழுவை இல்லை, கடைசியில் சத்தமே இல்லை. மூட்டுவலிக்கார மனைவியைப் புளியமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, வேன் வரும்வரை ஒன்றரை மணி நேரம் ரோட்டில் நின்றார் அந்த 66 வயதுக்காரர்.

பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். ஆயுசு முழுக்க இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டிய கை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஒரு வருஷமாகவே தெரியும். தள்ளிப்போட்டார், அவ்வளவுதான்.

"நாலுல ரெண்டு சிலிண்டர்ல கம்ப்ரஷனே இல்ல சார். இன்ஜினை மாத்திடலாம்" என்றார் மெக்கானிக்.

"வண்டியையே மாத்திடலாம்பா" என்றாள் சென்னையில் வேலை பார்க்கும் மகள். அவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம், செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி அது. 1989 மாடல், மார்க் 4.

வண்டியை விடக்கூடாது என்று சொன்னது மனைவிதான். இப்போதைய கார்களில் குனிந்து இறங்கி உட்கார அவரால் முடியவில்லை. அம்பாசிடரில் சீட் உயரம். அப்படியே உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துவைத்தால் போதும்.

மெக்கானிக் மூன்று வழி சொன்னார்.

முதலாவது, இசுசூ 1800 சிசி பெட்ரோல் இன்ஜின். தொண்ணூறுகளில் அம்பாசிடரிலேயே கம்பெனி பொருத்திக் கொடுத்தது. பழைய 1489 சிசி இன்ஜினைவிட நல்ல இழுவை. அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால், இன்ஜினை மட்டும் தூக்கி வைத்தால் முடிந்துவிடாது. கியர்பாக்ஸ், மவுன்டிங், சைலன்சர் பைப் என்று வேலை வரிசையாக வரும். நான்கு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். வேகம் கூடினால் நிறுத்துவதற்கும் வழி பார்க்க வேண்டுமே!

இரண்டாவது, மேட்டடார் வேன் டீசல் இன்ஜின். ஒரு காலத்தில் டாக்ஸிக்காரர்கள் பெட்ரோல் செலவுக்குப் பயந்து நிறைய பேர் இப்படி மாற்றினார்கள். தினமும் ஓடுகிற வண்டிக்கு அது சரி. மாதம் இரண்டு முறை வெளியே எடுக்கிற வண்டிக்கு அந்தச் சேமிப்பு எப்போது கைக்கு வரும்?

மூன்றாவது, அதே 1489 சிசி. பழைய இன்ஜின் ஒன்று வாங்கிப் போடலாம். அல்லது இருப்பதையே பிரித்து போர் போட்டு, பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றலாம்.

பழைய இன்ஜின் தேடி மகளோடு சென்னையில் உதிரிபாகக் கடைகள் இருக்கும் தெருவுக்குப் போனார். ஒரு கடையில் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். ஆயில் ஈரம் இல்லை. நன்றாகத்தான் இருந்தது. கடைசியாக நம்பர் இருக்கும் இடத்தில் விரலை ஓட்டினார். அங்கே ராவியிருந்தது.

"இது யாரோட வண்டிப்பா?" என்று கேட்டாள் மகள்.

கடைக்காரர் வேறு பக்கம் பார்த்தார். இவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

ஆர்சி புத்தகத்தில் சேஸிஸ் நம்பரோடு இன்ஜின் நம்பரும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, இன்ஜினை மாற்றினால் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்சியிலும் திருத்த வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். கணக்கில்லாத இன்ஜினோடு ஓடுகிற வண்டி விபத்தில் சிக்கினால், பதில் சொல்ல வேண்டியவர் உரிமையாளர்தான். வாங்குகிற இன்ஜினுக்கு பில்லும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான பேப்பரும் இல்லையென்றால், விலை எவ்வளவு குறைந்தாலும் தொடக் கூடாது.

திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மகள் மெதுவாகக் கேட்டாள். "இன்னும் எத்தனை வருஷம் ஓட்டுவீங்கப்பா?"

"வண்டியைக் கேக்குறியா, என்னையா?"

அவள் பதில் சொல்லவில்லை. அவரும் ஊர் வரும்வரை பேசவில்லை. ஆனால், அந்தக் கேள்விதான் முடிவு செய்தது. இனி அவர் ஓட்டப்போவது கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான். அதற்கு இசுசூவின் இழுவை எதற்கு?

பழைய இன்ஜினையே லேத்துக்கு அனுப்பினார். ஏற்கெனவே ஒருமுறை போர் போட்ட பிளாக். அளந்து பார்த்து, இன்னொரு முறை தாங்கும் என்றார்கள். கிராங்க்கையும் கிரைண்டிங் கொடுத்தார். பிளாக் அதுவே என்பதால் நம்பர் மாறவில்லை. செலவு 70,000 ரூபாய் தாண்டியது. பூட்டும்போது மெக்கானிக் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு போல்ட்டையும் தானே ஒருமுறை முறுக்கிப் பார்த்தார்.

வண்டியை எடுத்த அன்று மெக்கானிக் கண்டிப்பாகச் சொன்னார். "புது ரிங் செட்டாகணும் சார். முதல் 1,000 கிலோமீட்டருக்கு 50-க்கு மேல போகாதீங்க."

காலை உள்ளே எடுத்துவைத்துக்கொண்டே மனைவி சிரித்தார். "இவ்வளவு நாள் எப்ப தம்பி போனாரு?"