கைடு பொம்மையும் ஒரு முக்கோணத் துணியும்

1/ பள்ளிக்கூடத்துல சாரணியர் இயக்கத்துல, அதாவது 'கைட்ஸ்'ல இருந்தவங்க யாராவது இங்க இருக்கீங்களா? நீலச் சீருடை, கழுத்துல ஸ்கார்ஃப், மூணு விரல் சல்யூட், இடது கை குலுக்கல்... ஞாபகம் இருக்கா? அந்த ஸ்கார்ஃபையும் எங்க வீட்டுத் துணிப் பொம்மையையும் பத்தின த்ரெட் இது. கடைசியில பெற்றோருக்கு ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. முழுசா படிங்க.

2/ கொஞ்சம் வரலாறு. 1909-ல லண்டன் கிரிஸ்டல் பேலஸ்ல சாரணர் பேரணி நடந்தப்போ, பையன்களுக்கு நடுவுல சில பெண் பிள்ளைகளும் வந்து நின்னாங்க. எங்களுக்கும் இது வேணும்னு கேட்டாங்க. அடுத்த வருஷமே, 1910-ல, கேர்ள் கைட்ஸ் பிறந்தது. பேடன் பவலோட தங்கை ஆக்னஸ் அதை முன்னின்று நடத்தினாங்க.

3/ 1911-லேயே ஜபல்பூர் வழியா இந்தியாவுக்கும் வந்துடுச்சு. இப்போ நம்ம ஊர்ல பாரத சாரண சாரணியர் இயக்கம். சின்னப் பிள்ளைகள்னா 'நீலப்பறவை', 10 வயசு ஆனா 'சாரணி'.

4/ நான் சாரணி ஆன வருஷம், சீருடை தைச்சதுல மிஞ்சின நீலத் துணியில அத்தை ஒரு பொம்மை தைச்சுக் கொடுத்தாங்க. உள்ள இலவம்பஞ்சு. கழுத்துல முக்கோணமா வெட்டின கைக்குட்டை. பேரெல்லாம் வைக்கல. 'கைடு' அவ்வளவுதான்.

5/ அமெரிக்காவுல 2014-ல மேட்டல் கம்பெனி, கேர்ள் ஸ்கவுட் உடுப்போட ஒரு பார்பியே விட்டாங்க. அதுக்கு எதிர்ப்பும் கிளம்புச்சு. எங்க பொம்மை அந்த அளவுக்கு அழகெல்லாம் கிடையாது. ஆனா அதுக்கு வேலை அதிகம். எங்க அணியோட நிரந்தர நோயாளி அதுதான்! வாரத்துக்கு ரெண்டு தடவையாவது கை உடையும்.

6/ ஸ்கார்ஃப் ஏன் முக்கோணம்னு யோசிச்சிருக்கீங்களா? விரிச்சா கையைத் தாங்குற தூளி. மடிச்சா தலைக்கட்டு. இன்னும் ஒடுக்கமா மடிச்சா, கட்டையை வச்சுக் கட்டுற பட்டி. அவசரத்துக்குக் கழுத்துலயே முதலுதவிப் பெட்டி.

7/ முடிச்சு 'ரீஃப் நாட்'. வலதை இடது மேல, அப்புறம் இடதை வலது மேல. தட்டையா உட்காரும், உடம்புல உறுத்தாது, வேணும்னா சட்டுனு அவிழ்க்கலாம். ரெண்டு தடவையும் ஒரே பக்கமா போட்டா வழுக்கிடும்.

8/ ஒரு நாள் கைடு கேப்டன் டீச்சர் என் பொம்மையைப் பார்த்துட்டு, "கட்டு நல்லாத்தான் இருக்கு. விரல் எங்க?"ன்னு கேட்டாங்க. பொம்மைக்கு மொட்டைக் கை. "இது வலிக்குதுன்னு சொல்லுமா? நீதான்டி பாக்கணும்." அன்னைக்கே சிவப்புப் பேனாவால அஞ்சு நகம் வரைஞ்சேன். கட்டு போட்டதும் அந்த நகம் வெளிய தெரியணும். அதுதான் விதி.

9/ இப்போ விஷயத்துக்கு வரேன். 5-லிருந்து 8 வயசுக் குழந்தைகள் கையை ஊனி விழுந்தா, முழங்கைக்குச் சற்று மேல எலும்பு உடையறது ரொம்ப சகஜம். அது மேல மூங்கில் பட்டை வச்சு இறுக்கிக் கட்டிக் கூட்டிட்டு வருவாங்க. "ராத்திரி பூரா அழுதா டாக்டர். கட்டு போட்டா வலிக்கத்தானே செய்யும்னு விட்டுட்டோம்."

10/ அந்த அழுகைதான் முதல் எச்சரிக்கை. வீக்கம் ஏறுது, கட்டு விடல, உள்ள அழுத்தம் கூடி தசைக்கு ரத்தம் போகல. சுமார் 6 மணி நேரம் தாண்டினா தசை சாக ஆரம்பிக்கும். அப்புறம் எலும்பு கூடினாலும் விரல்கள் மடங்கியே நின்னுடும்.

11/ கட்டோ மாவுக்கட்டோ, போட்ட பிறகு இதையெல்லாம் பாருங்க:
• வலி குறையாம ஏறிட்டே போகுதா?
• விரலை மெதுவா நீட்டிவிட்டா துடிக்கிறாங்களா?
• மரத்துப் போச்சுன்னு சொல்றாங்களா?
• விரல் வெளுத்தோ நீலமாவோ ஜில்லுனோ இருக்கா?
• நகத்தை அமுக்கி விட்டா 2 நொடிக்குள்ள சிவப்பு திரும்புதா?

12/ இதுல ஒண்ணு தப்பா இருந்தாலும் காலை வரை காத்திருக்காதீங்க. நகம் சிவப்பாத்தான் இருக்குன்னு வலியை ஒதுக்கவும் வேண்டாம். நிறம் கடைசியிலதான் மாறும். துணிக்கட்டுன்னா உடனே தளர்த்துங்க. மாவுக்கட்டுன்னா நேரா ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு வாங்க, நாங்க பிளந்து விடுவோம். நடுராத்திரின்னாலும் பரவாயில்ல.

13/ வீட்டுல குழந்தைகள் இருந்தா ஒரு பழைய துப்பட்டாவைக் கோணல் வாக்கில் வெட்டிக் கொடுங்க. பொம்மைக்குத் தூளி கட்டச் சொல்லுங்க. உள்ளங்கை முழங்கையை விடக் கொஞ்சம் மேல இருக்கணும், விரல் நுனி தெரியணும். பையனுக்கும் சொல்லிக் கொடுங்க, இது பொண்ணுங்க வேலை மட்டும் இல்ல.

14/ பொம்மை வலிக்குதுன்னு சொல்லாது. குழந்தை சொல்லும். சொன்னா நம்புங்க.