கணக்கும் தாய்மொழியும்: இராமானுஜன் நிறுவனத்தை முன்வைத்து

தமிழ் கற்பிப்போர்க்குக் கணித ஆய்வு நிறுவனத்தோடு என்ன உறவு என்று நண்பர்கள் வினவக்கூடும். கணிதம் பயில வரும் முதலாண்டு மாணவர்கள் பகுதி 1 தமிழுக்காக நம் வகுப்பில்தான் அமர்கின்றனர். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் அவர்களுட் பலர். தாய்மொழியில் கதை எழுதலாம், கவிதை எழுதலாம், நிறுவல் எழுத இயலாது என்று அவர்களே சொல்லக் கேட்கும்போது நாம் வருந்துகிறோம். அதற்கு மறுமொழி தேடிய வேளையில்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இராமானுஜன் கணித உயராய்வு நிறுவனத்தின் வரலாறு நம் கவனத்தை ஈர்த்தது.

1913இல் துறைமுக அலுவலக எழுத்தராய் இருந்த இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்து ஆய்வு செய்யவிட்டது அப்பல்கலைக்கழகம். அவர் மறைந்து 30 ஆண்டுகள் கழிந்தபின், 1950இல், வள்ளல் அழகப்பச் செட்டியார் அவர் பெயரால் ஓர் ஆய்வு நிறுவனத்தைச் சென்னையில் தோற்றுவித்தார். ஆக்ஸ்போர்டில் ஹார்டியிடம் பயின்ற தி. விஜயராகவன் முதல் இயக்குநர். பிசோ-விஜயராகவன் எண்கள் என்று கணிதவுலகம் இன்றும் வழங்குவது இவர் பெயரைத்தான்.

1955இல் விஜயராகவன் மறைந்தார். 1957இல் வள்ளலும் மறைந்தார். பொருளின்றி நிறுவனம் மூடப்படும் நிலை வந்தது. வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் பிரதமர் நேருவிடம் எடுத்துரைக்க, 1957இல் பல்கலைக்கழகம் அதனை ஏற்றுக்கொண்டது. 1967இல் பல்கலைக்கழகக் கணிதத் துறையும் அதனோடு இணைந்து உயராய்வு மையமாயிற்று. கணித ஆய்வுக்குப் பெருங்கருவிகள் வேண்டா; நல்ல நூலகமும், உடனிருந்து உரையாட அறிஞரும், அவசரமற்ற காலமும் போதும். அந்தக் காலத்தைத் தருவதற்கே ஒரு நிறுவனம் தேவைப்படுகிறது.

அந்த இக்கட்டான ஆண்டுகளில் நிறுவனத்தை நடத்தியவர் சி. டி. ராஜகோபால். முடிவிலாத் தொடர்களின் கூட்டல் பற்றிய ஆய்வே அவர் துறை. ஆயினும் நிறுவனத்திற்கு வருமுன்பே வேறொரு தேடலிலும் அவர் இறங்கியிருந்தார். கேரளக் கணிதம் பற்றிக் கம்பெனி அலுவலர் சார்லஸ் விஷ் 1830களில் எழுதிய கட்டுரை நூறாண்டுக்கு மேல் பெரிதும் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அப்பொருளை மீண்டும் கையிலெடுத்து, கே. முகுந்த மாராரோடு சேர்ந்து 1944இல் ஆய்வுரை வெளியிட்டார் ராஜகோபால். அத்தேடல் 1978இல், அவர் மறைந்த ஆண்டில், எம். எஸ். ரங்காச்சாரியோடு எழுதிய கட்டுரைவரை நீண்டது.

அவர்கள் படித்தவற்றுள் தலையாயது சுமார் 1530இல் ஜ்யேஷ்டதேவர் இயற்றிய யுக்திபாஷை. ஒன்றில் மூன்றிலொரு பங்கைக் கழித்து, ஐந்திலொரு பங்கைக் கூட்டி, ஏழிலொரு பங்கைக் கழித்து, இவ்வாறே முடிவின்றிச் சென்றால் பையின் நான்கிலொரு பங்கு கிடைக்கும். ஐரோப்பா 17ஆம் நூற்றாண்டில் கண்ட இத்தொடரைச் சங்கமகிராமத்து மாதவர் ஏறத்தாழ 1400ஆம் ஆண்டளவிலேயே அறிந்திருந்தார். வட்டத்தைத் தொடும் கோட்டைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் உரிய வில்லைக் கணித்துக் கூட்டும் அதன் நிறுவலை யுக்திபாஷை படிப்படியாக விளக்குகிறது. அதுவும் வடமொழிச் சூத்திரத்தில் அன்று, மலையாள உரைநடையில்.

மதுக்கரையில் வாழும் நமக்கு இது தொலைதூரத்துச் செய்தி அன்று. வாளையாற்றைக் கடந்தால் மலையாள நாடு. ஆனைமலையில் பிறக்கும் ஆழியாற்று நீர் பொள்ளாச்சிப் பக்கம் பாய்ந்து, அக்கணிதர்கள் வாழ்ந்த நிளா நதியில்தான் சென்று கலக்கிறது. தமிழோடு உடன்பிறந்த மொழி நிறுவலைத் தாங்கியதெனில், தமிழ் தாங்காதா?

நம்மிடமும் கணக்கதிகாரம் முதலிய சுவடிகள் உண்டு. யுக்திபாஷைக்கு நிகரானவை அவை என்று பெருமை பேசுதல் முறையன்று. அளவையும் வாழ்க்கைக் கணக்கையும் கற்பித்த நூல்கள் அவை. ஆனால் அவற்றைத் தமிழறிந்தோர் சொல்லுக்காக மட்டும் படிக்கின்றனர். கணிதம் அறிந்தோர் பெரும்பாலும் படிப்பதேயில்லை. சுவடிப்பயிற்சி உடையாரும் கணிதரும் ஒரு மேசையில் அமர்வதே ராஜகோபால் காட்டிய வழி.

நம் கணித மாணவர் ஒருவரிடம் அண்மையில் ஒரு சிறு தேற்றத்தின் நிறுவலைத் தமிழில் எழுதித் தரக் கேட்டோம். தயங்கித் தயங்கி ஒரு பக்கம் எழுதினார். 'ஆதலால்', 'எனவே', 'ஆயின்' என்னும் மூன்று சொற்களே அப்பக்கம் முழுவதையும் தாங்கி நின்றன. அம்மூன்றும் நம் இலக்கண உரையாசிரியர்கள் நெடுங்காலம் ஆண்ட சொற்களே. நண்பர்களும் தத்தம் வகுப்பில் இதைச் செய்து பார்த்து எழுதுக.